பன்னிரண்டு பேர் என்றால் வட்டம், இருபது பேர் என்றால் வரிசை

ஒரு மகளிர் சுய உதவிக் குழு உடைந்தால் ஊரில் சொல்கிற காரணம் எப்போதும் ஒன்றுதான்: "பொம்பளைங்களுக்குள்ள ஒத்துமை இல்ல." குடியாத்தம் பக்கமானாலும் அணைக்கட்டுப் பக்கமானாலும் இதே பேச்சு. என்னால் இதை ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. ஏனென்றால் அதே பெண்கள்தான் அதே தெருவில், ஒரு திண்ணையில் நாலு பேராக உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். முந்தின நாளே நனைத்து வைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுகிறார்கள். ஒருத்திக்கு இலை குறைந்தால் பக்கத்தில் இருப்பவள் ஒரு பிடி எடுத்துப் போடுவாள். அதற்கு நோட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வருடக்கணக்கில் அந்தக் கணக்கு தவறுவதில்லை. திண்ணையில் இருக்கிற ஒற்றுமை குழுக் கூட்டத்தில் மட்டும் எங்கே போய்விடுகிறது? குணம் மாறவில்லை, தெரு மாறவில்லை. மாறியது தலை எண்ணிக்கை மட்டும்தான்.

நாலு பேர் சேர்ந்தால் அவர்களுக்குள் இரண்டிரண்டு பேராக எத்தனை உறவு என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஆறு. பன்னிரண்டு பேர் என்றால் 66. இருபது பேர் என்றால் 190. ஆள் கூடியது எட்டுதான், ஆனால் உறவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் "அதெல்லாம் காகிதக் கணக்கு" என்பார்கள். காகிதக் கணக்கு இல்லை. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் புருஷன் பெங்களூர் வேலையை விட்டுத் திரும்பிவிட்டான், யார் வீட்டில் சீர் வருகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் "இந்த மாசம் அவளால கட்ட முடியாது, அடுத்த மாசம் கட்டுவா" என்று ஒருத்திக்காக இன்னொருத்தி வாய் திறந்து சொல்ல முடியும். பன்னிரண்டு வீட்டுச் செய்தியை எல்லோரும் மனதில் வைத்திருக்கலாம். இருபது வீட்டுச் செய்தி என்றால் அது தானாகவே தெருவாரியாக, சாதிவாரியாக, சொந்தபந்த வாரியாகப் பிரிந்துவிடும்.

உட்காருகிற விதத்திலேயே இது தெரிந்துவிடும். சம்மணம் போட்டு உட்கார ஒரு ஆளுக்கு இரண்டரை அடி வேண்டும். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தால் வட்டத்தின் சுற்றளவு 30 அடி, குறுக்களவு ஒன்பதரை அடி. ஒரு தொகுப்பு வீட்டின் கூடத்துக்குள் இழுத்துப் பிடித்து அடங்கிவிடும். எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும், நடுவில் வைக்கிற பணமும் தெரியும். இருபது பேருக்குச் சுற்றளவு 50 அடி, குறுக்களவு 16 அடி. அத்தனை அகலக் கூடம் நம் தெருக்களில் எந்த வீட்டில் இருக்கிறது? அதனால் முன் வரிசை, பின் வரிசை என்று ஆகிவிடுகிறது. முன் வரிசை, குழுவை நடத்திக் கணக்கு எழுதுகிற ஊக்குநரின் முகத்தைப் பார்க்கும். பின் வரிசைக்கு முன் வரிசையின் முதுகுதான் தெரியும். முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? பின் வரிசையில் தனிப் பேச்சு ஆரம்பிக்கும். "அவங்க கூட்டத்துல கவனமே இல்ல" என்கிற குறை அங்கேதான் பிறக்கிறது.

நோட்டு வீட்டுக்குப் போகிற நாள்

குழு உடைவது சண்டை வந்த நாளில் இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, யாருமே கவனிக்காத ஒரு சாயங்காலத்தில் உடைகிறது. அந்தச் சாயங்காலத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினருக்கு நடக்க வேண்டிய வேலை இவ்வளவு: பணத்தை எண்ணி வாங்குவது, சேமிப்புப் பேரேட்டில் ஒரு வரி, கடன் பேரேட்டில் அசலும் வட்டியும் தனித்தனியாக ஒரு வரி, அவளுடைய பாஸ்புக்கில் அதே தொகை, பிறகு கையெழுத்து. நிதானமாகச் செய்தால் 4 நிமிடம். பன்னிரண்டு பேருக்கு 48 நிமிடம், இருபது பேருக்கு 80 நிமிடம். வருகைப் பதிவு, போன மாதத் தீர்மானத்தைப் படிப்பது, யாருக்குக் கடன் என்று பேசி முடிப்பது எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை மணி. ஆக சின்னக் குழுவுக்கு ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், பெரிய குழுவுக்கு இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் கம்பெனிகளிலிருந்து பஸ் வந்து இறக்கிவிட்டுப் போன பிறகு, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால், ஒரு பெண்ணுக்கு எத்தனை நேரம் கிடைக்கும்? ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிசு.

அதனால் ஏதோ ஒரு மாதம், பதினோரு பேருக்கு எழுதி முடித்திருக்கும்போது மணி எட்டைத் தாண்டும். ஒரு குழந்தை அழும். யாரோ எழுந்து புடவையை உதறுவார்கள். அப்போது ஊக்குநர் சொல்வார்: "பாஸ்புக்கெல்லாம் குடுத்துட்டுப் போங்க, நான் ஊட்ல உக்காந்து எழுதி வைக்கிறேன்." யாரும் மறுக்க மாட்டார்கள். நன்றியோடுதான் கொடுத்துவிட்டுப் போவார்கள். சொன்னவர் மனதிலும் கள்ளம் கிடையாது, தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிற உபகாரம் அது. ஆனால் அன்றைக்கு மூன்று விஷயங்கள் போய்விடுகின்றன.

முதலில் காது. கூட்டத்தில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லி எழுதுவார்கள்: "சேமிப்பு இருநூறு, அசல் ஐந்நூறு, வட்டி எண்பது." படிக்கத் தெரியாத உறுப்பினர்கூட அதைக் கேட்டுத்தான் எல்லோருடைய கணக்கையும் மனதில் வைத்திருந்தார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் எண்பது ரூபாய்க்கு அசல் நாலாயிரம் நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் எழுத ஆரம்பித்த பிறகு அந்தக் காதுக் கணக்கு நின்றுவிடுகிறது. அடுத்தது, உறவின் திசை மாறுகிறது. அதுவரை எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், இனி எல்லோரும் ஒருத்தியைப் பார்க்கிறார்கள். பாஸ்புக் வாங்க அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். "யக்கா, என்னுது எழுதிட்டியா?" "எழுதிட்டேன், நோட்டு உள்ள கீது, நாளைக்கு வா." இந்த இரண்டு வாக்கியத்தில் யக்கா லீடராகிவிட்டார், தெரு ஆபீஸாகிவிட்டது. மாதம் இருபது பாஸ்புக்கைக் கூலியில்லாமல் எழுதுகிறவருக்கு "இவ்ளோ செய்றேன், ஒரு வார்த்தை நல்லா பேசறாங்களா" என்று மனம் புழுங்கும். வாசலில் நின்றவர்களுக்கு "நம்ம காசுக்கு இவ வீட்ல போய் நிக்கணுமா" என்று புழுங்கும். இரண்டு பக்கமும் நியாயம்தான்.

மூன்றாவதுதான் குழுவை உடைப்பது. இருபது பேருக்கு எழுதுகிற இடத்தில் ஒரு 500 ரூபாய் தப்புவது சகஜம். ஒருத்தியின் அசல் பக்கத்தில் எழுத வேண்டியது வேறொருத்தியின் பக்கத்தில் விழுந்திருக்கும். கூட்டத்திலேயே எழுதினால் அந்த நிமிடமே "ஏம்மே, அது என்னுது" என்று குரல் வரும், அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வீட்டில் எழுதினால் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிய வரும். அன்றைக்கே கண்டால் அது தப்பு, மூன்று மாதம் கழித்துக் கண்டால் அதற்குப் பெயர் திருட்டு. இப்படிப் பெயர் கெட்டு வீட்டுக்குள் முடங்கிய ஊக்குநர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் மேல் விழுந்தது எட்டுப் பேரின் கூடுதல் பாரம், அவ்வளவுதான்.

இருபது என்ற எண் எங்கிருந்து வந்தது

இது தெரியாமல்தான் பலரும் இருபதை ஒரு நல்ல எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் இந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தது. அப்போது நடப்பில் இருந்தது 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். இருபது பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் தொழில் செய்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றது அது. பதிவுத் தொல்லை இல்லாமல் இருக்கத்தான் "இருபதைத் தாண்டாதே" என்ற வரம்பு. இருபது பேர் நன்றாகப் பழக முடியும் என்று யாரும் பார்த்துச் சொன்ன எண் அல்ல அது. பின்னால் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் அந்த வரம்பு 50 ஆகிவிட்டது, ஆனாலும் குழுவுக்கு இருபது என்பது அப்படியே நிற்கிறது. மாநில அரசின் மகளிர் திட்டம் பன்னிரண்டு முதல் இருபது என்றது, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் பத்து முதல் இருபது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கும், ஜவ்வாது மலை போல வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற இடங்களுக்கும் ஐந்து பேரே போதும் என்று இடம் உண்டு. ஆனால் மேல் வரம்பையே இலக்காக்கி இருபது பேரைச் சேர்த்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கையில் நம் பக்கத்து ஆட்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது, முதலாம் பராந்தகன் காலம். குடவோலை என்றதும் எல்லோருக்கும் தேர்ந்தெடுக்கும் முறைதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதைவிட வியப்பு அதில் உள்ள எண்கள். குடும்பு என்று பெயரிட்ட முப்பது ஊர்ப் பகுதிகளிலிருந்து முப்பது பேர். ஆனால் அந்த முப்பது பேரையும் ஒரே சபையாக உட்காரவைக்கவில்லை. சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. மதகைத் திறப்பதா மூடுவதா என்று உடனே முடிவெடுக்க வேண்டிய ஏரிக்குத்தான் இந்த மூன்றில் சின்ன வாரியம். வாரியம் செய்து இறங்கியவர் மூன்று வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது. ஒரே ஆள் கையில் நோட்டு தங்கிவிடக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆள் கூடினால் பணம் கூடுமா

கூடும். இதுதான் பெரிய குழுவுக்காகச் சொல்கிற பெரிய நியாயம். மாதம் ஆளுக்கு 200 ரூபாய் என்றால் பன்னிரண்டு பேருக்கு 2,400, இருபது பேருக்கு 4,000. ஆனால் எல்லோருக்கும் ஒருமுறை, குழுவின் சேமிப்பிலிருந்தே கொடுக்கிற உள்கடன் 10,000 ரூபாய் கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று பாருங்கள். சேமிப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பன்னிரண்டு பேருக்கு வேண்டியது 1,20,000, அதை 2,400ஆல் வகுத்தால் 50 மாதம். இருபது பேருக்கு வேண்டியது 2,00,000, அதை 4,000ஆல் வகுத்தால் அதே 50 மாதம். பணம் கூடிய அளவுக்கு வரிசையும் நீண்டுவிட்டது. குழுவுக்கு இவ்வளவு என்று வருகிற சுழல்நிதியிலோ பெரிய குழுவுக்கு நஷ்டமே: 15,000 ரூபாய் வந்தால் பன்னிரண்டில் ஆளுக்கு 1,250, இருபதில் 750.

பெரிய குழுவால் லாபமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரே மாதத்தில் 4,000 கையில் இருப்பது 2,400 இருப்பதைவிட மேல். தவணை தவறுவதிலும் அப்படித்தான். வங்கிக் கடனுக்கு ஆளுக்கு மாதம் 1,000 தவணை, இரண்டு பேர் கட்டவில்லை என்றால் பன்னிரண்டு பேர் குழுவில் மீதிப் பத்துப் பேர் ஆளுக்கு 200 கூடுதலாகப் போட வேண்டும். இருபதில் பதினெட்டுப் பேர் ஆளுக்கு 111 போட்டால் போதும். ஐந்து பேர் சேர்ந்து வாங்குகிற குழுக்கடனில் ஒருத்தி தவறினாலே மற்ற நாலு பேர் தலையில் ஆளுக்கு 250. வாசலில் போய் நின்று கத்துவது அந்த ஐந்து பேர் கடன்களில்தான் அதிகம் என்பதில் ஆச்சரியமில்லை, அங்கே மன்னிக்க ஒருவருக்கும் வசதி கிடையாது. ஆனால் இருபதில் வேறொரு ஆபத்து. 111 ரூபாய் என்பது கோபப்படுகிற அளவுக்கும் பெரிதில்லை, விசாரிக்கிற அளவுக்கும் பெரிதில்லை. அதனால் தவறியவள் வீட்டுக்கு "என்னாச்சு" என்று கேட்கக்கூட ஒருத்தியும் போவதில்லை. இரண்டாவது மாதமும் தவறும், மூன்றாவது மாதம் அவள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். பத்துக்கும் பதினான்குக்கும் நடுவில்தான் பாரம் தாங்கும் அளவுக்குக் குறைவாகவும், கவனிக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கிறது என்பது என் முடிவு.

கவனிப்பு குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார், முடிவு 1913இல் வெளிவந்தது. தனியாக இழுக்கும்போது ஒரு ஆளின் பலம் 100 என்றால் இரண்டு பேராக இழுக்கையில் ஆளுக்கு 93, மூன்று பேராக 85, எட்டுப் பேராக இழுக்கும்போது 49. பாதிக்கும் கீழே. ஒரே நேரத்தில் எல்லோரும் இழுக்காதது ஒரு காரணம், மற்றவன் இழுக்கிறானே என்பது இன்னொரு காரணம். அப்படியானால் நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடிக்கிற ஊர்த் தேர் எப்படி நிலைக்கு வந்து சேர்கிறது? வடத்தை விட்டுவிட்டுச் சக்கரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தே வேலை செய்கிறவர்கள். திருப்பத்தில் கட்டை அரை நொடி தப்பினால் தேர் வீட்டுச் சுவரில் இருக்கும். இழுப்பதற்குக் கூட்டம் போதும், திருப்புவதற்கு அந்தக் கைப்பிடி ஆட்கள் வேண்டும். கடன் முடிவு என்பது ஒவ்வொரு மாதமும் ஒரு திருப்பம்.

ஷூ கம்பெனி லைனிலும் இதுவே. ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற லைனில் முப்பது பெண்கள் இருந்தாலும் ஒருத்திக்கு உறவு இரண்டு பேரோடுதான்: பீஸ் கொடுக்கிறவள், பீஸ் வாங்குகிறவள். டார்கெட் ஓடுகிற லைனில் நிமிர்ந்து பேச நேரம் ஏது? சிநேகிதம் வளர்வது ஊரிலிருந்து வருகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டுகளில். குழுவுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் அந்த பஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிக்க வேண்டியிருந்தால்

எல்லாக் குழுவையும் பிரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. இருபது பேராகவே இருக்க விரும்பினால் கோயில் மண்டபத்தில் பத்துப் பத்துப் பேராக இரண்டு வட்டம் போடுங்கள், வட்டத்துக்கு ஒருவர் எழுதட்டும். 40 நிமிடத்தில் எழுத்து முடியும். பிறகு ஒன்றாகக் கூடி அரை மணி கடன் பேச்சு. பாஸ்புக் மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த இடத்தைவிட்டுப் போகக் கூடாது.

பிரிப்பதென்றால் சண்டைக்கு முன்னால் பிரிக்க வேண்டும், அதுவும் வங்கிக் கடனின் கடைசித் தவணை கட்டின பிறகு. நடுவில் பிரித்தால் கடன் பழைய பெயரிலேயே நிற்கும், பிரிந்து போனவர்கள் கட்டுவார்களா என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் இருக்கும். புதிதாகப் பிறக்கிற குழு ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம் நடத்திக் கணக்கு வைத்திருந்தால்தான் வங்கி தர மதிப்பீட்டுக்கு வரும். அந்த ஆறு மாதத்தை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். யார் யாரோடு என்பதைத் தெருவை வைத்து முடிவு செய்யுங்கள். பிடித்தவர் பிடிக்காதவர் என்று பிரித்தால் இரண்டு குழு வராது, இரண்டு கட்சிதான் வரும்.

பெரும்பாலும் கணக்கில்தான் சறுக்குகிறது. இருபது பேர், மாதம் 200, மூன்று வருஷம்: ஆளுக்கு 7,200, மொத்தம் 1,44,000. உள்கடன் வட்டியில் வந்தது 36,000 என்று வையுங்கள். ஆக 1,80,000, பாதிக்கு 90,000. வங்கியில் இருக்கிற ரொக்கத்தை இரண்டாகப் பிரித்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அது தப்பு. பணத்தின் பெரும் பங்கு ரொக்கமாக இல்லை, உறுப்பினர் கையில் கடனாக இருக்கிறது. மேலத் தெருப் பத்துப் பேரிடம் நிற்கிற கடன் 1,10,000, கீழத் தெருப் பத்துப் பேரிடம் 60,000, வங்கியில் 10,000 என்றால், ரொக்கம் முழுவதும் கீழத் தெருவுக்குப் போனாலும் அவர்களுக்கு 70,000தான். மேலத் தெரு இன்னும் 20,000 தர வேண்டும். இதைத் தீர்மான நோட்டில் இருபது பேர் கையெழுத்தோடு, எந்தத் தேதிவரைக்கான கணக்கு என்று குறித்து எழுத வேண்டும். பேரேடு ஒன்றுதான் இருக்கும், ஆகவே மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

பழைய பெயர் யாருக்கு என்பதில் மனத்தாங்கல் வரும். பெயர் வங்கிக் கணக்கோடு போகட்டும், கணக்கு எந்தத் தெருவின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கே. மற்றவர்கள் புதுப் பெயர் வைத்து, புது ரப்பர் ஸ்டாம்ப் செய்து, புது நோட்டு வாங்குவார்கள். அந்தப் புது நோட்டின் முதல் வரி, மேலத் தெருவிலிருந்து வர வேண்டிய 20,000. மாதம் 2,000 என்று வைத்தால் பத்து மாதம். ஒவ்வொரு மாதமும் மேலத் தெருவிலிருந்து இரண்டு பேர் பணத்தோடு கீழத் தெருவுக்கு வருவார்கள், கீழத் தெரு வாய்விட்டுச் சொல்லி எழுதி ரசீது கொடுக்கும், வந்தவர்களுக்கு டீ வைப்பார்கள்.